பெருவிரலுக்கு ஒரு கடமை

இப்பகுதிக்கு வரும் கடிதங்களிலே மாணவர்கள் எழுதுபவை தனிச் சுவை உடையன. பெரியவர்கள் கேட்கக் கூசுகின்றவற்றை அவர்கள் கூசாமற் கேட்டுவிடுகின்றார்கள். இம்முறை உயர்தர வகுப்பில் பயிலும் மாணவர் ஒருவர் கேட்டிருப்பது இது:

"ஐக்கிய அமெரிக்காவிலே தற்காப்புக்கென்று இடுப்பிற் கைத்துப்பாக்கி சுமந்து திரிபவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுகிறார்களாம். பெருவிரலாற் போட்டுத் திறக்கும் பாதுகாப்புப் பூட்டு உள்ள துப்பாக்கியே நல்லது என்கிறது ஒரு கட்சி. ஆபத்து வேளையில் அந்தப் பூட்டே ஆளைக் கொன்றுவிடும் என்கிறது மற்றக் கட்சி. பாதுகாப்புக்கென்று வைத்த ஒன்று எப்படி ஆளைக் கொல்லும்?"

துப்பாக்கியைப் பற்றிக் குடும்பப் பகுதியில் எழுதலாமா என்று நாம் சிறிது தயங்கினோம். 1983 முதல் 2009 வரை அதன் ஓசையைக் கேட்டு, பதுங்குகுழியிலே பிள்ளைகளை அணைத்துக்கொண்டு இரவுகளைக் கழித்த குடும்பங்கள் இதனைப் படிக்கின்றன. துவக்கு என்ற சொல்லே சிலருக்கு வேண்டாத நினைவுகளைக் கொண்டுவரும். மேலும், நம் நாட்டிலே துப்பாக்கிகள் பற்றிய 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இன்றி எவரும் அதனை வைத்திருத்தல் ஆகாது. ஆதலால் நாம் எழுதப் புகுவது வாங்குவோர்க்குரிய யோசனை அன்று. ஆயினும், மாணவர் கேட்ட கேள்விக்குள்ளே துப்பாக்கியினும் பெரியதொரு விடயம் இருக்கிறது. ஒரு கருவிக்கும் அதனைப் பிடிக்கும் கைக்கும் உள்ள உறவு எத்தகையது என்பதே அது. அதன்பொருட்டு எழுதத் துணிந்தோம்.

அமெரிக்காவில் இவ்வாதம் ஏன் இத்துணைச் சூடாக நடைபெறுகிறது என்பதை முதலிற் கூறிவிடுவோம். வீட்டுக்கு வெளியே துப்பாக்கி சுமந்து செல்வதும் அரசியல் யாப்பு அளித்த உரிமையே என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2022 ஜூன் மாதத்திலே தீர்ப்பளித்தது. 2024ஆம் ஆண்டின் முடிவில், அனுமதிப்பத்திரம் இல்லாமலே அதனை மறைத்துச் சுமந்து செல்ல இடமளித்த மாநிலங்கள் 29. கடைக்குப் போகும் தாயும், பட்டறைக்குப் போகும் தந்தையும் துப்பாக்கியோடு செல்லக்கூடிய நாடு அது. எவ்வகைத் துப்பாக்கி என்பது அங்கே பல குடும்பங்களுக்கு வீட்டுக் கேள்வியாகிவிட்டது.

உள்ளே நடப்பது என்ன?

கைத்துப்பாக்கிகளில் இரண்டு பெரும் வகைகள் உண்டு. ஒன்று, றிவோல்வர் எனப்படும் சுழல் துப்பாக்கி. ஐந்து அல்லது ஆறு ரவைகளைத் தாங்கிய உருளை ஒன்று அதிலே சுழலும். விசையை இழுக்கும்போது உருளை சுழன்று, பின்னாலுள்ள சுத்தியல் எழுந்து, பின் விழுந்து ரவையை அடிக்கும். இத்தனை வேலையையும் ஒரு விரலே செய்யவேண்டியிருத்தலின் விசை நெடுந்தூரம் வரவேண்டும், கனமும் அதிகம். ஏறக்குறைய 12 இறாத்தல் பாரத்தை விரலால் இழுப்பது போன்றது அது. இத்தகைய துப்பாக்கிக்கு வேறு பூட்டு வேண்டியதில்லை என்று பலர் கருதினார்கள். விசையின் கனமே பூட்டாக இருந்தது.

மற்றது பிஸ்டல். பிடியினுள்ளே செருகிய ரவைக்கூட்டிலிருந்து தானாகவே ரவையை ஏற்றிக்கொள்வது. ஒருமுறை சுட்டவுடன், மேலேயுள்ள இரும்பு ஓடு பின்னோக்கிச் சென்று வெற்றுக்கோதை வெளியே எறிந்து, முன்னே வரும்போது அடுத்த ரவையைக் குழலடியிலுள்ள அறைக்குள் தள்ளிவிடும். பழைய வகைப் பிஸ்டல்களிலே அவ்வோடு பின்னே செல்லும்போது சுத்தியலையும் பின்னே தள்ளி நிறுத்திவிடும். அடுத்த முறை சுடுவதற்கு விரல் செய்யவேண்டிய வேலை மிகச் சிறிது. நான்கு முதல் ஆறு இறாத்தல் கனம் போதும். தூரமும் மிகக் குறைவு.

நம் ஊர்ச் சிறுவர்கள் மாங்காய் அடிக்கும் கெற்றப்போலை எண்ணிப் பாருங்கள். வாரை இழுக்காமல் சட்டைப்பையில் வைத்திருப்பவன் அபாயமற்றவன். வாரை முழுவதும் இழுத்து, கல்லையும் வைத்து, அந்நிலையிலேயே நாள் முழுவதும் திரிய வேண்டுமென்றால்? அப்போது அந்த வாரைப் பிடித்து நிறுத்த ஏதாவது ஒன்று வேண்டும். பிஸ்டலுக்கு அந்த ஒன்றுதான் பாதுகாப்புப் பூட்டு. பெருவிரல் எட்டும் இடத்திலே பொருத்திய ஒரு சிறு நெம்பு. ஒரு பக்கம் தள்ளினால் உள்ளுறுப்புகள் அசையாமற் பூட்டப்படும். மறுபக்கம் தள்ளினால் சுட ஆயத்தமாகும். அமெரிக்கர் அதனைச் சேப்டி என்றே அழைக்கின்றனர். சொல் ஆறுதல் தருவதாகவே இருக்கிறது. ஆனால், சொல் தரும் ஆறுதல் வேறு, பொருள் தரும் ஆறுதல் வேறு என்பதை இனிக் காண்போம்.

குதிரைப் படை கேட்ட பூட்டு

ஜோன் மோசஸ் பிறவுணிங் என்பவர் 1855இல் யூட்டாப் பிரதேசத்து ஒக்டன் நகரிலே, துப்பாக்கி செய்யும் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். இன்று உலகில் வழங்கும் பிஸ்டல்களில் மிகப் பலவற்றுக்கு அவருடைய சிந்தனையே மூலம் எனலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அமெரிக்கப் படைக்காக அவர் ஒரு பெரிய பிஸ்டலை ஆக்கி வந்தார். 1910இல் அவர் படையினரிடம் கொடுத்த மாதிரியிலே பெருவிரற் பூட்டு இருக்கவில்லை. பிடியின் பின்புறத்தில் ஒரு பூட்டு மாத்திரம் இருந்தது. கை இறுகப் பற்றினால் அது தானே திறக்கும். கை விட்டால் தானே பூட்டிக்கொள்ளும்.

அக்காலத்திலே படையின் முக்கியமான ஒரு பகுதி குதிரைப் படை. குதிரை வீரனுடைய நிலையை நினைத்துப் பார்த்தால் அவர்களுடைய கவலை விளங்கும். இடக்கையிலே கடிவாளம், வலக்கையிலே பிஸ்டல். ஒரு வெடி தீர்ந்தது. சுத்தியல் பின்னே நிற்கிறது. அடுத்த ரவை ஏறிவிட்டது. அவ்வேளையிற் குதிரை மிரண்டால் இரண்டு கைகளாலும் கடிவாளத்தைப் பற்றியாக வேண்டும். பிஸ்டலை உறையிற் போடவேண்டும். ஆனால், இறுகப் பற்றிய பிடியோடுதானே உறைக்குள் வைப்பான்! பிடியிலுள்ள பூட்டு அப்போது திறந்தே இருக்கும். ஆகவே, அதே கையின் பெருவிரலாலே ஒரு தட்டில் துப்பாக்கியைப் பூட்டுவதற்கு வழி வேண்டும் என்று படையினர் கேட்டனர். பிறவுணிங்கும் ஒரு நெம்பைச் சேர்த்துக் கொடுத்தார். 1911 மார்ச் 29ஆம் திகதி அப்பிஸ்டலை அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டே அதற்குப் பெயராகிவிட்டது. 1911 என்றால் துப்பாக்கி அறிந்தோர் அனைவர்க்கும் விளங்கும்.

மாணவர்கள் இங்கே கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. அந்த நெம்பை மேலே தள்ளினாற் பூட்டு. கீழே அழுத்தினாற் திறப்பு. கை ஒரு பொருளை இறுகப் பற்றும்போது பெருவிரல் இயல்பாகவே கீழ்நோக்கி மடிகிறது. கையின் இயல்பும் நெம்பின் திசையும் அங்கே ஒன்றாயின. குதிரைப் படை மறைந்தது. ஆனால், அந்நெம்பு இன்றும் மறையவில்லை. படையிலே 1985 வரை அதுவே பொதுவான கைத்துப்பாக்கியாக இருந்தது.

பின்னாளிலே ஜெஃப் கூப்பர் என்னும் கடற்படைக் காலாட் படையதிகாரி அப்பிஸ்டலின் பெரும் பரப்புரையாளர் ஆனார். ஓய்வு பெற்றபின் 1976இல் அரிசோனா மாநிலத்திலே ஒரு பயிற்சிக் கல்லூரியை நிறுவி, 2006இல் மறையும் வரையும் அத்துறையிற் பெருமதிப்புடன் விளங்கியவர். ரவை அறைக்குள் இருக்க, சுத்தியல் பின்னே நிற்க, பெருவிரற் பூட்டு இடப்பட்டிருக்க, அந்நிலையிலேயே 1911ஐச் சுமந்து செல்லவேண்டும் என்று அவர் போதித்தார். பார்ப்பவர்க்கு அது அச்சமூட்டும் காட்சி. ஆனால், பெருவிரல் தன் கடமையை மறவாத வரையில் அதுவே ஒழுங்கான நிலை என்பது அவர் கொள்கை. "மறவாத வரையில்" என்ற இடத்திலேதான் நம் மாணவருடைய கேள்வி வந்து நிற்கிறது.

ஒரே பெயர், எதிர்த்திசை

1985இலே அமெரிக்கப் படை இத்தாலிய நிறுவனமாகிய பெரெற்றாவின் பிஸ்டலை ஏற்றுக்கொண்டது. அதற்கும் பெருவிரற் பூட்டு உண்டு. ஆனால், அப்பூட்டு பிடியின் அருகே அன்றி, மேலே ஓடும் இரும்பு ஓட்டிலே அமைந்திருந்தது. திசையும் மாறிவிட்டது. கீழே தள்ளினாற் பூட்டு. மேலே தள்ளினாற் திறப்பு. எழுபத்து நான்கு ஆண்டுகளாக எது "சுடு" என்று பொருள் தந்ததோ, அதுவே இப்போது "சுடாதே" என்று பொருள் தந்தது.

இதில் மற்றுமோர் இடரும் இருந்தது. ரவை ஏற்றுவதற்காக அந்த ஓட்டைப் பிடித்துப் பின்னே இழுக்கும்போது, விரல்கள் நெம்பின்மீதும் படும். அறியாமலே அது கீழே இறங்கிப் பூட்டிக்கொள்ளக்கூடும். ஆயத்தமாகிவிட்டோம் என்று எண்ணியவன் விசையை இழுத்தால் ஒன்றும் நிகழாது. பழுதா, ரவை இல்லையா, பூட்டா என்று அவன் ஆராய வேண்டும். ஆராய்வதற்கு எதிரே நிற்பவன் அவகாசம் தருவானா?

இதனை விளங்கிக்கொள்ளத் துப்பாக்கி வேண்டியதில்லை. கனடாவிலிருந்தோ பிரான்சிலிருந்தோ விடுமுறைக்கு வந்த உறவினரோடு யாழ்ப்பாணத்து வீதியிலே மோட்டார் வண்டியிற் சென்றவர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டிருப்பீர்கள். சந்தியிலே திரும்புவதற்காக அவர் சமிக்ஞை விளக்கைப் போட முயலுவார். வானத்தில் மேகமே இராது. ஆனால், முன் கண்ணாடியின் மழைத்துடைப்பான் எழுந்து ஆடும். அங்கே சமிக்ஞைத் தண்டு இடப்பக்கத்தில் இருந்தது; இங்கே ஓடும் ஜப்பானிய வண்டிகளில் அது வலப்பக்கம். அவருக்கு இது தெரியாததன்று. கேட்டால் உடனே சரியாகச் சொல்வார். அறிவுக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. எல்லோரும் சிரித்துவிட்டுப் போவோம். ஏனெனில் அங்கே பிழையின் விலை ஒரு சிரிப்பு.

ஆங்கில உளநூலறிஞர் ஹிக் என்பவர் 1952இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, தெரிந்தெடுக்க வேண்டிய வழிகள் கூடக்கூட மனிதன் செயற்படுவதற்குப் பிடிக்கும் நேரமும் கூடுகிறது என்று காட்டினார். கை ஒரு வழியை மாத்திரம் அறிந்திருந்தால் அது உடனே செய்யும். இரண்டு வழிகளை அறிந்திருந்தால் எது என்று தடுமாறும். அத்துடன் அச்சமும் சேர்ந்தாற் சொல்லவே வேண்டாம். நெஞ்சு படபடக்கும்; கை நடுங்கும்; விரல் நுனியின் நுண்ணிய திறமைகளே முதலிற் கைவிட்டுப் போகும். அத்தகைய கணத்திலே மனிதன் தான் கற்றதைச் செய்வதில்லை. தான் பழகியதையே செய்கிறான்.

அமெரிக்கப் படை 2017 ஜனவரியிலே மீண்டும் பிஸ்டலை மாற்றியது. சிக் சவர் நிறுவனத்தின் பிஸ்டல் தெரிவாயிற்று. படைக்கு வழங்கியவற்றிலே பெருவிரற் பூட்டு இருபக்கமும் உண்டு. கீழே அழுத்தினாற் திறப்பு. பழைய திசையே திரும்பி வந்தது. அதே பிஸ்டலின் பொதுமக்கட் பதிப்புகளிற் பூட்டுள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. இரண்டு கட்சியாருக்கும் விற்பது வணிகர் வழக்கம்!

பூட்டில்லாத துப்பாக்கி

இனி மற்றக் கட்சியின் கதை. ஒஸ்திரிய நாட்டிலே காஸ்டன் குளொக் என்பவர் ஆக்கிய பிஸ்டலை அந்நாட்டுப் படை 1982இலே ஏற்றுக்கொண்டது. அதன் உடலிலே பிளாஸ்ரிக்கும் உண்டு என்பது உலகம் வியந்த செய்தி. ஆனால், நாம் கவனிக்க வேண்டியது வேறு: பெருவிரலுக்கு அதில் வேலையே இல்லை. விசையின் முகத்திலே ஒரு சிறு நாக்கு இருக்கிறது. விரல் விசையைச் சரியாக அழுத்தும்போது அந்நாக்கும் அமுங்கும். உள்ளே ரவையை அடிக்கும் ஊசியைத் தடுப்பதற்கு வேறு தடைகளும் உண்டு. விசை வரும்போது அவை ஒவ்வொன்றாக விலகும், விட்டவுடன் திரும்பும். இப்பிஸ்டல் கீழே விழுந்தாலும் வெடிக்காதபடி அமைக்கப்பட்டது.

அமெரிக்கப் பொலிஸ் நிலையங்கள் பல அதனை விரும்பி ஏற்றன. கற்பிப்பது இலகு, மறப்பதற்கு ஒன்றும் இல்லை என்றனர். உண்மைதான். ஆனால், மறப்பதற்கு ஒன்றும் இல்லாத துப்பாக்கி, மறதியை மன்னிப்பதும் இல்லை. விசையை இழுத்தது விரலா, உறைக்குள் சிக்கிய சட்டை நுனியா என்று அது அறியாது. எது இழுத்தாலும் வெடிக்கும்.

அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனின் பொலிஸ் படை 1980களின் இறுதியிலே குளொக் பிஸ்டலுக்கு மாறியது. 1998இல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை அப்படையின் துப்பாக்கிப் பிரயோகங்களை ஆராய்ந்து ஒரு தொடர் வெளியிட்டது. ஏறத்தாழப் பத்தாண்டிலே 120க்கு மேற்பட்ட தடவைகள் உத்தியோகத்தர்களின் துப்பாக்கிகள் தவறுதலாக வெடித்திருந்தன என்று அது எழுதியது. பயிற்சி போதாமை பெருங் குறையாகக் காட்டப்பட்டது. நியூயோர்க் நகரப் பொலிஸ் படையோ 1993இல் பிஸ்டலுக்கு மாறியபோது, விசையின் கனத்தைப் பழைய சுழல் துப்பாக்கியின் அளவுக்கு, ஏறக்குறைய 12 இறாத்தலுக்கு, உயர்த்தி வைத்தது. ஒரு பூட்டை எடுத்துவிட்டு, கனத்தை இன்னொரு பூட்டாக வைத்தனர் என்க.

இரண்டு கட்சியும் சொல்வது

இப்போது இரண்டு கட்சியாரையும் எதிரெதிரே இருத்தி அவர்கள் வாதத்தைக் கேட்போம்.

பூட்டு வேண்டும் என்பவர் சொல்வது: துப்பாக்கியை உறையிலே திரும்ப வைக்கும் கணமே அபாயமான கணம். ஆடை நுனியோ, மறந்துபோன விரலோ விசையிற் பட்டாலும் பூட்டு இடப்பட்டிருந்தால் வெடிக்காது. அடுத்து, துப்பாக்கி பறிபோகலாம். இலினோய் மாநிலப் பொலிஸ் படை 1967இலே பூட்டுள்ள பிஸ்டலைத் தன் உத்தியோகத்தர்களுக்கு வழங்கியது. உத்தியோகத்தரிடமிருந்து பறித்த துப்பாக்கியை அவர்மீதே திருப்பியவன், பூட்டை அறியாது விசையை இழுத்து ஏமாந்த சம்பவங்களை மசாட் அயூப் என்னும் பயிற்சியாசிரியர் தேடி எழுதியிருக்கிறார். அந்தச் சில வினாடிகளே உயிரை மீட்டன.

பூட்டு வேண்டாம் என்பவர் சொல்வது: பறிப்பவன் ஏமாறும் அதே வினாடிகளிலே உரியவனும் ஏமாறலாம். நித்திரையிலிருந்து எழுந்தவன், கீழே தள்ளப்பட்டவன், இடக்கையால் மாத்திரம் பிடிக்க நேர்ந்தவன் ஆகியோர் பூட்டைத் திறக்க மறந்தால் கையிலிருப்பது வெறும் இரும்பு. மேலும், சுமந்து செல்வதற்கென்று செய்யும் சிறிய பிஸ்டல்களிலே நெம்பும் மிகச் சிறிது. ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் 2012இல் வெளியிட்ட மெல்லிய பிஸ்டலில் அத்தகைய சிறு நெம்பு இருந்தது. நெம்பில்லாத வகையையும் பின்னர் அந்நிறுவனமே வெளியிட்டது. பெருவிரலுக்குத் தட்டுப்படாத பூட்டு ஆபத்து வேளையில் இல்லாத திறப்புக்குச் சமம். இடக்கைக்காரர் பத்தில் ஒருவர் அளவில் இருக்கின்றனர். இடப்பக்கம் மாத்திரம் நெம்புள்ள பழைய பிஸ்டல் அவர்கள் பெருவிரலுக்கு எட்டாது.

இரண்டும் நியாயமான வாதங்களே. நீதிபதி ஆசனத்தில் இருந்தால் நாமும் தடுமாறியிருப்போம். ஆனால், சிறிது கூர்ந்து நோக்கினால் இரண்டு கட்சியாரும் ஒரே இடத்தில் நிற்பது தெரியும். பூட்டை ஆதரிப்பவர், பெருவிரல் தவறாது என்று நம்புகிறார். எதிர்ப்பவர், சுட்டுவிரல் தவறாது என்று நம்புகிறார். துப்பாக்கியை நம்புபவர் எவருமில்லை. இருவரும் நம்புவது ஒரு விரலின் பழக்கத்தையே.

கையைப் பள்ளிக்கு அனுப்புதல்

ஆகவே, அங்குள்ள நல்லாசிரியர்கள் துப்பாக்கியைத் தெரியும் முன்னர் கையைப் பார்க்கச் சொல்கிறார்கள். பிடித்த பிடியை மாற்றாமலே பெருவிரல் நெம்பை எட்டுகிறதா? தள்ளும்போது தெளிவாகச் சென்று நிற்கிறதா, உடையிற் பட்டே நகர்ந்துவிடக்கூடியதா? வீட்டிலே முன்னரே ஒன்று இருந்தால், அதன் திசையும் இதன் திசையும் ஒன்றுதானா? இக்கேள்விகளுக்கு விடை கிடைத்தபின் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி வருகிறது: இதனை நாள்தோறும் பழகுவதற்கு நீ ஆயத்தமா?

பழகும் முறையும் எளிதன்று. முதலிலே ரவைகளை அகற்றி, அறையையும் ரவைக்கூட்டையும் இரண்டு முறை பார்த்து, ரவைகளை வேறோர் அறையில் வைத்துவிட்டு வெறுந் துப்பாக்கியோடு பழகவேண்டும். உறையிலே பிடியைப் பற்றும்போதே பெருவிரல் நெம்பின்மேல் அமரும். துப்பாக்கி உறையை விட்டு வெளியே வந்து, அதன் வாய் இலக்கை நோக்கித் திரும்பியபின்னரே நெம்பு கீழே இறங்கும். சுட்டுவிரல் அப்போதும் விசைக்கு வெளியேதான். சுடுவது என்ற முடிவு வந்தபின்னரே அது உள்ளே செல்லும். முடிந்ததும் முறை தலைகீழாகும்: விரல் வெளியே, நெம்பு மேலே, அதன்பின் உறை. உறைக்குள் வைக்கும்போது கண்ணும் பார்க்கவேண்டும்; அவசரம் கூடாது. எடுப்பதற்கு அவசரம் இருக்கலாம். வைப்பதற்கு என்ன அவசரம்?

ஒருநாள் நெம்பைத் தள்ளிப் பழகி, மறுநாள் சோம்பலினால் நெம்பைத் தொடாது பழகுபவன் பழகாதவனிலும் கேடானவன். அவன் தன் கைக்கு இரண்டு பாடங்களைக் கற்பித்துவிட்டான். சுடும் இடத்திலே நெம்பைத் திறந்தே வைத்துப் பழகி, வீதியிலே அதனைப் பூட்டிச் சுமப்பவனும் அத்தகையவனே. வலக்கைக்குக் கற்பித்ததை இடக்கைக்கும் கற்பிக்கவேண்டும் என்பதும் ஆசிரியர்கள் வற்புறுத்துவது. இத்தனையும் செய்ய மனமில்லாதவன் நெம்பில்லாததை எடுப்பதே நன்று என்பர். ஆனால், அவனுக்கும் விசையை முழுதும் மூடும் கெட்டியான உறையும், விசையை விட்டு விலகியிருக்கும் விரற்பழக்கமும் இன்றியமையாதன. பழக்கத்திலிருந்து தப்பும் வழி எப்பக்கமும் இல்லை.

கூப்பர் போதித்த நான்கு விதிகள் இன்று உலகெங்கும் பரவியுள்ளன. ஒவ்வொரு துப்பாக்கியும் ரவை நிரம்பியதென்றே கருதுக. அழிக்க விரும்பாத எதன்மீதும் அதன் வாயைத் திருப்பாதே. இலக்கு கண்ணில் நிலைக்கும்வரை விசையிலே விரலை வையாதே. இலக்கு எது, அதற்கப்பால் இருப்பது எது என்பதை அறிந்துகொள். இந்நான்கினுள் எதிலாவது பூட்டைப் பற்றிய பேச்சு உண்டா என்று பாருங்கள். இல்லை. பெருவிரற் பூட்டை வாழ்நாளெல்லாம் ஆதரித்தவரே விதி வகுக்கும்போது பூட்டை நம்பவில்லை!

பூட்டு அறியாத கை

முடிக்குமுன் தாய் தந்தையர் பொருட்டு ஒன்றைச் சொல்லவேண்டும். பூட்டு இருந்தாற் பிள்ளைகளுக்குப் பயமில்லை என்று எண்ணுபவர் அமெரிக்காவிலும் உண்டு. அது பெரும் பிழை. பெருவிரற் பூட்டு, பழகியவன் ஒரு தட்டிலே திறப்பதற்கென்று செய்தது. ஆராய்ந்து பார்க்கும் குழந்தையின் விரலுக்கும் அது திறக்கும். குழந்தையின் கைக்கு எந்தப் பயிற்சியும் இல்லை; ஆகவே அதற்கு எந்தப் பிழையும் இல்லை.

2014 டிசம்பரிலே, ஐடஹோ மாநிலத்துக் கடையொன்றில், இளந்தாய் ஒருத்தி பொருள்கள் வாங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய கைப்பையிலே பிஸ்டல் இருந்தது. அருகே இருந்த இரண்டு வயது மகன் பைக்குள் கையை விட்டான். ஒரே ஒரு வெடி. தாய் அங்கேயே இறந்தாள். அவள் அனுமதிப்பத்திரம் உடையவள். துப்பாக்கி பழகியவள் என்றும் உறவினர் கூறினர். அந்தப் பிள்ளை இன்று வளர்ந்திருப்பான். ஒருநாள் யாராவது அவனுக்கு இதனைச் சொல்லவேண்டியிருந்திருக்கும். அதை எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கவே நமக்கு நெஞ்சு நடுங்குகிறது.

கைப்பையிலே கிடக்கும் துப்பாக்கிக்குப் பூட்டு இருந்ததா இல்லையா என்று வாதாடுவது அங்கே பொருளற்றது. உடலை விட்டு அகன்ற துப்பாக்கிக்கு உரிய காவல் நெம்பு அன்று. சாவியோ இலக்கமோ இன்றித் திறவாத இரும்புப் பெட்டியே.

மாணவ அன்பரே, உம்முடைய கேள்விக்கு இனி விடை சொல்வோம். பாதுகாப்புக்கென்று வைத்த ஒன்று எப்படி ஆளைக் கொல்லும் என்று கேட்டீர். அது இருக்கிறது என்ற எண்ணத்தினால் மனிதன் தன் கவனத்தைக் கைவிடும்போது கொல்லும். அது இருக்கிறது என்பதையே அவன் கை மறந்திருக்கும்போதும் கொல்லும். பூட்டு என்பது மனிதன் தன் கையோடு செய்துகொள்ளும் ஓர் ஒப்பந்தம். நாள்தோறும் புதுப்பிக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும்.

இது துப்பாக்கிக்கு மாத்திரம் உரியதன்று. குசினியிலே எரிவாயு அடுப்பின் திருகை மூடிவிட்டோமா என்று இரவில் எழுந்து பார்க்கும் தாய்க்கும், மோட்டார் சைக்கிளின் தலைக்கவசத்தைக் கழுத்துப்பட்டி மாட்டாமல் தலையிற் கவிழ்த்துக்கொண்டு ஓடும் மகனுக்கும் உரியதே. கவசம் இருக்கிறது; பட்டி மாட்டப்படவில்லை. பொலிஸ்காரருக்குக் காட்டுவதற்கு அது போதும்; வீதியின் கல்லுக்குப் போதாது. இன்று மாலை வெளியே புறப்படும்போது அந்தப் பட்டியை மாட்டும் வேலையை உமது விரல்களுக்குக் கற்பித்துவிடும். ஒருநாள் அன்று, எந்நாளும்.